நிழலுக்கும் நங்கூரம் வேண்டும்

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்குப் போகும் சாலைகளில், சிறிய காரின் பின்னால் குட்டையாக உருண்டுவரும் ஒரு வண்டியை அடிக்கடி பார்க்கலாம். முன்பக்கம் உருண்டையாக, பின்பக்கம் சரிந்து இறங்கும் அந்த வண்டிக்கு 'டியர்டிராப் டிரெய்லர்' என்று பெயர். 1930களில் அங்கே உருவாகி, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பரவியது. 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்' என்ற இதழ் அதன் வரைபடத்தை வெளியிட, வீட்டுக் கொட்டகையிலேயே அதைச் செய்துகொண்டவர்கள் பலர். பழைய வண்டிகளில் பலவற்றின் அகலம் நான்கு அடி, நீளம் எட்டு அடி. ஒரு முழு ஒட்டுப்பலகையின் அளவும் அதுதான். உள்ளே ஒரு மெத்தை இருக்கும். உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. அடுப்பும் பாத்திரமும் ஐஸ் பெட்டியும் வண்டியின் வாலில் இருக்கின்றன. பின்மூடியை மேலே தூக்கிவிட்டு, வெளியே நின்றுகொண்டுதான் சமைக்க வேண்டும்.

ஆக, அந்த வண்டி ஒரு படுக்கையறை மட்டுமே. கூடமும் அடுக்களையும் சாப்பாட்டு இடமும் திறந்த வெளியில். வெயில் ஏறினாலோ மழை தூறினாலோ ஒதுங்க இடமில்லை. அதனால்தான் இந்த வண்டிக்காரர்களில் பலர் இன்னொரு பொருளையும் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். அது பத்தடிக்குப் பத்தடி மடக்கு நிழற்பந்தல். குறுக்கும் நெடுக்குமாக மடங்கி விரியும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், நான்கு கால்கள், மேலே பாலியெஸ்டர் துணி. இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் சட்டம் விரிந்துவிடும். துணியைப் போர்த்தி, கால்களை நீட்டி, பொத்தான் 'டக்' என்று விழும்வரை தள்ளினால் வேலை முடிந்தது. சில நிமிடங்களில் ஒரு திண்ணை கிடைத்துவிடுகிறது.

வேலை அங்கே முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. நூறு சதுர அடிக் கூரையைத் திறந்த வெளியில் நிறுத்துவது ஒரு கட்டுமானம். அதை அப்படி மதிக்கும் பழக்கம் விற்பவரிடமும் குறைவு, வாங்குபவரிடமும் குறைவு, முகாம்களை நடத்துகிறவர்களிடமும் குறைவு. இந்த மூவரும் மாற வேண்டும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வேலைபார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் விடுமுறை வந்தால் முகாமுக்குக் கிளம்புகின்றன. அவர்களுக்கும் இது பொருந்தும்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பத்தடிக்குப் பத்தடிப் பந்தலின் பரப்பு ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தத்தை இந்தப் பரப்பால் பெருக்கினால் சுமார் 46 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. 48 கிலோமீட்டரில் அதுவே 103 கிலோ. 64 கிலோமீட்டரில் 180 கிலோவைத் தாண்டிவிடும். கூரையின் சாய்வு, பக்கத் திரை, காற்று வரும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்து உண்மையான தூக்குவிசை இதைவிடக் கூடவோ குறையவோ செய்யும். ஆனால் கூடும் விதம் மாறாது. பந்தலின் சொந்த எடையோ பெரும்பாலும் 20 முதல் 30 கிலோதான்.

இதைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் என்ன வருகிறது? பல பெட்டிகளில் பென்சில் தடிமனில் நான்கு கம்பி முளைகளும், அவற்றோடு மெல்லிய கயிறும் வரும். ஈரமான புல்தரையில் ஓரளவு பிடிக்கும் இந்த முளைகள், அரிசோனாவின் இறுகிய சரளைத் தரையில் இறங்கவே மறுக்கும். கடற்கரை மணலில் அடித்தால் ஒரு விரலால் உருவிவிடலாம். பெட்டியின் மேல் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பப் படம் இருக்கும். எந்த வேகத்துக்கு மேல் பந்தலை இறக்க வேண்டும் என்பது கையேட்டின் பொடி எழுத்துகளில், பல நேரம் எண்ணே இல்லாமல், 'பலத்த காற்றில் பயன்படுத்த வேண்டாம்' என்று மட்டும் இருக்கும். பலத்த காற்று என்றால் எவ்வளவு? வாங்குகிறவருக்கு அதைச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு.

இந்தப் பாடத்தை ஏற்கனவே கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்காவின் உழவர் சந்தைக்காரர்கள். சனிக்கிழமை காலையில் நாற்பது ஐம்பது பந்தல்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒன்று பறந்தால் பக்கத்துக் கடைக்காரருக்கும் காய் வாங்க வந்தவருக்கும் அடி. அதனால் பல சந்தைகள் காலுக்குக் குறைந்தது 24 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11 கிலோ எடை கட்டாதவருக்கு இடம் தருவதில்லை. காலுக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ கேட்கும் சந்தைகளும் உண்டு. மேலே சொன்ன கணக்கோடு இதை வைத்துப் பார்க்கலாம். 18 கிலோ வீதம் நான்கு காலுக்கு 72 கிலோ, பந்தலின் எடை 25 கிலோ, மொத்தம் 97 கிலோ. மணிக்கு 48 கிலோமீட்டர் காற்றுக்கு முன்னால் இதுவும் தராசு முள் நடுங்கும் நிலைதான். சந்தையில் கட்டாயமாக இருக்கும் இந்த எடையை, குழந்தைகள் ஓடியாடும் முகாமில் யாரும் கேட்பதில்லை.

எடைக்குப் பெரிய செலவும் இல்லை. நான்கு அங்குல பி.வி.சி. குழாயை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, உள்ளே கான்கிரீட் ஊற்றினால் ஒரு குழாய் 17 கிலோ அளவுக்கு வரும். மேல்மூடியில் ஒரு கொக்கி வைத்து, சட்டத்தின் மேல்மூலையிலிருந்து தொங்கவிட்டுக் காலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஐந்து காலன் வாளியில் தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட 19 கிலோ. சின்ன டிரெய்லர்காரர்களுக்கு இது இன்னும் வசதி, ஏனென்றால் கான்கிரீட்டைச் சுமந்து ஊர் ஊராகப் போகத் தேவையில்லை. முகாமுக்கு வந்து குழாயடியில் பிடித்துக்கொள்ளலாம், கிளம்பும்போது கொட்டிவிடலாம். ஒன்றே ஒன்று, எடையைத் தரையில் வைத்துவிட்டுக் கயிற்றைத் தொளதொளவென்று விடக்கூடாது. காற்று பந்தலை அரையடி தூக்கிவிட்டுப் பிறகு கயிற்றைச் சுண்டினால், அந்தத் திடீர் இழுப்பில் முடிச்சும் துணியின் வளையமும் பிய்ந்துவிடும்.

முளை அடிக்க முடிந்த தரையில் முளைதான் சிறந்தது. ஆனால் அது ஓரடிக்குக் குறையாத தடித்த இரும்பு முளையாக இருக்க வேண்டும், தலை பந்தலைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மணலில் திருகி இறக்கும் நங்கூரம் பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் வரிசை. கால்களை நீட்டுவதற்கு முன்பே, பந்தல் இடுப்பளவு உயரத்தில் இருக்கும்போதே, நான்கு மூலைக் கயிறுகளையும் கட்டிவிட வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கயிறுகள் முதலில். தமிழ்நாட்டில் கல்யாணப் பந்தல் போடுகிறவர்கள் காலை ஊன்றி, குறுக்குக் கம்பைக் கட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே கீற்றை ஏற்றுவார்கள். துணியை முதலில் போர்த்திவிட்டுக் கயிற்றைத் தேடுகிற இன்றைய முகாம் பழக்கம் அந்த வேலை ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் டிரெய்லர்காரர்களுக்குள் சுவையான வேறுபாடுகள். சிலர் பந்தலைக் கதவுப்பக்கம் வைத்துத் திண்ணையாக்கிக்கொள்கிறார்கள். சிலர் வாலில் வைத்து அடுக்களையை மூடுகிறார்கள். வண்டியே சிறியது என்பதால் அதை முழுவதுமாகப் பந்தலுக்குள் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஐந்தடி அகல வண்டியை ஓர் ஓரமாகத் தள்ளி நிறுத்தினால் மறுபக்கம் ஐந்தடி இடம் மிஞ்சும். நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் அடங்கும். கோடையில் மூன்றாவது வழிதான் சிறந்தது. நடுப்பகலில் நேர்வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. பத்தடிப் பந்தலின் மேல் விழுவது ஒன்பது கிலோவாட்டுக்கு மேல். அது நேராக அலுமினியக் கூரையில் விழுந்தால் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே படுக்க முடியாது. கூரைக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓட ஓரடி இடைவெளி விட்டால், பிற்பகலிலும் குழந்தையை உள்ளே தூங்க வைக்கலாம்.

இப்படி நிறுத்தும்போது பின்மூடியை மறந்துவிடக் கூடாது. அதை முழுவதும் தூக்கினால் பல வண்டிகளில் ஆள் உயரத்தைத் தாண்டும். பந்தலின் குறுக்குச் சட்டத்தில் அது போய் இடித்தால் மூடியின் விளிம்பு நசுங்கும், இல்லையென்றால் சட்டம் வளையும். இடத்துக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, காலை எந்தத் துளைக்கு உயர்த்த வேண்டும் என்று குறித்துக்கொள்வது நல்லது. வண்டியின் வாலைக் காற்று வரும் பக்கம் திருப்பவும் கூடாது, ஏனென்றால் தூக்கிய மூடி காற்றைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ளும். அமெரிக்கத் தென்மேற்கில் வசந்தகாலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வீசுகிறது. அங்கே அடுக்களை கிழக்கு பார்த்து இருந்தால் அடுப்பும் அணையாது, சாயங்கால வெயிலும் சமைப்பவரின் முகத்தில் அடிக்காது.

பந்தலை டிரெய்லரோடு கட்டலாமா? அரை டன் வண்டி அருகிலேயே நிற்கும்போது இந்தக் கேள்வி இயல்பானது. கட்டாமல் இருப்பதே நல்லது. வண்டி வில்லின் மேல் நிற்கிறது. உள்ளே ஒருவர் புரண்டு படுத்தாலும் அது ஆடும். பந்தலும் தன் போக்கில் ஆடும். இரண்டையும் இறுக்கினால் எது பலவீனமோ அது கிழியும். பெரிய காற்றில் சட்டம் பிய்த்துக்கொண்டு வண்டியின் மேலேயே விழும். பந்தல் தன் காலில் தானே நிற்கட்டும். வண்டிக்கும் பந்தலுக்கும் நடுவில் மழை ஒழுகுவதுதான் கவலை என்றால் ஒரு சிறு தார்ப்பாயைப் பாலமாகப் போட்டு, சட்டென்று கழன்றுவிடும் ரப்பர் வளையத்தால் மாட்டினால் போதும்.

மழை வேறு வகையில் பந்தலைக் கொல்லும். பத்தடிப் பந்தலின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 93 லிட்டர், அதாவது 93 கிலோ. துணி இறுக்கமாக இருந்தால் அது வழிந்துவிடும். தொய்ந்திருந்தால் மூலையில் குளம் கட்டும், குளத்தின் எடை துணியை இன்னும் தொய்ய வைக்கும், இரவில் எல்லோரும் தூங்கும்போது சட்டம் முறிந்து விழும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒரு துளை தாழ்த்தி, தண்ணீருக்குப் போக்கு காட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அந்தப் பக்கம் வண்டிக் கதவுக்கு எதிர்ப்பக்கமாக இருப்பது அவசியம்.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒரு வரம்பு உண்டு. கயிறும் எடையும் தாங்கினாலும் மெல்லிய சட்டம் தாங்காது. காற்று பந்தலைப் பறக்கவிட முடியாதபோது அதை முறுக்கிப்போடும். எனவே கட்டத் தெரிவதைவிட இறக்கத் தெரிவது பெரிய திறமை. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் வகுத்த காற்று அளவுகோல், பிற்காலத்தில் தரைக்கும் ஏற்றபடி விரிவாக்கப்பட்டது. அதன்படி, புழுதியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. முதல் அறிகுறியில் கயிறுகளை இறுக்க வேண்டும், பக்கத் திரைகளைக் கழற்ற வேண்டும். இரண்டாவது அறிகுறியில் பந்தலை மடக்கிவிட வேண்டும். அமெரிக்க வானிலைத் துறை காற்று எச்சரிக்கை விடுவது தொடர்ந்து 50 கிலோமீட்டர் அளவுக்கு வீசும் நிலையில்தான். அதற்காகக் காத்திருந்தால் பந்தல் தங்காது.

அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம். அப்போது இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, மழைக்கு முன்னரே பல கிலோமீட்டர் ஓடிவந்து அடிக்கும். புழுதிச் சுவரே எழுந்து நகரும். வானம் தலைக்கு மேல் நீலமாக இருக்கும்போதே இது வந்துவிடுவதால், நடைப்பயணத்துக்கோ கடைக்கோ கிளம்புகிறவர்கள் பந்தலை நின்றபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது. தூங்கப் போகும்போதும் அப்படியே. கால்களைக் கடைசித் துளைக்கு இறக்கித் துணியைக் கழற்ற இரண்டு பேருக்குச் சில நிமிடம் போதும். இடி கேட்டால் பந்தலின் கீழ் ஒதுங்குவதும் தவறு. நான்கு இரும்புக் கால்களின் நடுவே துணிக்கூரையின் கீழ் நிற்பவருக்கு மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிய கார்தான் முகாமில் கிடைக்கும் நல்ல புகலிடம்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியில் 'சி.பி.ஏ.ஐ.-84' என்று முத்திரை இருந்தால், அது அமெரிக்கக் கூடாரத் துணிகளுக்கான தீத்தடுப்புத் தரத்தில் தேறியது என்று பொருள். தீ எளிதில் பரவாது என்பதுதான் அதன் அர்த்தம். எரியவே எரியாது என்பதல்ல. பாலியெஸ்டர் உருகிச் சொட்டினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகு நெருப்பும் கரியடுப்பும் பந்தலின் கீழ் வரவே கூடாது. குளிருக்காக நான்கு பக்கமும் திரையை இறக்கிவிட்டு உள்ளே கரி மூட்டுவது உயிரோடு விளையாட்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தலைவலியைத் தூக்கம் என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். கேஸ் அடுப்பில் தோசை சுடுவதாக இருந்தாலும் குறைந்தது இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் முகாமுக்கு வருகிறவர் தலையிலேயே கட்டிவிடுவது நியாயமில்லை. ஜோஷுவா மரம் தேசியப் பூங்காவில் ஊஞ்சல் படுக்கையைக்கூட மரங்களில் கட்டத் தடை இருக்கிறது. அந்த மரங்களைக் காக்க அது தேவை. வேறு பல முகாம்களில் வண்டி நிறுத்தும் இடம் கான்கிரீட்டாகவோ தாராகவோ இருக்கிறது. மரத்திலும் கட்டக்கூடாது, தரையிலும் அடிக்கமுடியாது என்றால் வந்தவர் எங்கேதான் கட்டுவார்? ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் நான்கு இரும்பு வளையங்களைக் கான்கிரீட்டில் பதிப்பதற்கு ஆகும் செலவு, ஒரு முகாம் மேசைக்கும் நெருப்பு வளையத்துக்கும் ஆகும் செலவைத் தாண்டாது. மேசை வைப்பவர்கள் வளையமும் வைக்கலாம்.

விற்பவர்களைப் பொறுத்தவரை வழி ஏற்கனவே காட்டப்பட்டுவிட்டது. 2016இல் விர்ஜினியா பீச்சில் காற்றில் பிடுங்கிக்கொண்டு பறந்த ஒரு கடற்கரைக் குடை தாக்கி ஒரு பெண் இறந்தார். அதன் பிறகும் விபத்துகள் நடந்தன. கடைசியில் 2024இல் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு, கடற்கரைக் குடையும் அதன் நங்கூரமும் மணிக்கு 30 மைல் காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று ஒரு தரநிலையை வெளியிட்டது. ஒற்றைக் காலில் நிற்கும் சிறு குடைக்கே இவ்வளவு வேண்டும் என்றால், நூறு சதுர அடிப் பந்தலுக்கு அதைவிடக் குறைவாக எதிர்பார்க்கக் காரணமில்லை. எத்தனை கிலோ எடை கட்ட வேண்டும், எந்த வேகத்தில் இறக்க வேண்டும் என்ற இரண்டு எண்களும் பெட்டியின் வெளிப்பக்கம், விலைக்குப் பக்கத்தில் பெரிதாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் முளை, முளை என்று சொல்லத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

இதே மடக்குப் பந்தல்கள் இப்போது சென்னையின் நடைபாதைகளிலும் நிற்கின்றன. சிம் அட்டை விற்கவும், பழச்சாறு கடைக்கும், வெயில் காலத்து மோர்ப் பந்தலுக்கும் அவை பயன்படுகின்றன. சிமெண்டுத் தரையில் ஒரு செங்கல்லை மட்டும் நம்பி நிற்கும் பந்தல்கள் அவற்றில் எத்தனையோ. கோடை மழைக்கு முன் வரும் காற்று அரிசோனாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. முகாமுக்குப் போகிறவர்களும், கடை போடுகிறவர்களும், அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களும் பந்தல் வாங்கும் அன்றைக்கே நான்கு காலுக்கும் எடையைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதைக் கட்டி முடிக்கும்வரை குழந்தைகளைப் பந்தலுக்கு அடியில் விடாதீர்கள்.